அடுத்த கோச் யார் என்று கேட்டால் போன கோச்சைப் பற்றித்தான் பேசுகிறோம்

2025 நவம்பர் கடைசியில் டென்னசி பல்கலைக்கழக ஃபுட்பால் அணி வாண்டர்பில்ட்டிடம் தோற்றது. அதுவும் நாக்ஸ்வில்லில், சொந்த மைதானத்தில். ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆரம்பித்தார்: "சரி, கோச் ஹைபலை அனுப்பிவிட்டு யாரைக் கொண்டுவரலாம்?" பத்து நிமிடத்தில் ஏழு பெயர்கள் வந்து விழுந்தன. ஏழு பேருக்கும் ஏற்கெனவே நல்ல வேலை இருக்கிறது என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

இந்த ஊரில் இது எனக்குப் பழகிப்போன காட்சி. 2008 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க இங்கே வந்தேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டேன். இத்தனை வருடத்தில் இந்த அணிக்கு ஆறு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டேன். அதாவது, "அடுத்தது யார்" என்ற சண்டையை ஐந்து முறை முழுசாகப் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இது நாம் சொல்லும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால். ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். ஆனால் எங்கள் நீலண்ட் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஹைபலின் சம்பளம் 2023-லிருந்து ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டாலர். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் இல்லை, இப்படி ஒரு கோச்தான். இதை ஒருமுறை அப்பாவுக்குப் போனில் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பி.டி. மாஸ்டர்தானே?" என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ரசிகர்கள் அடுத்த கோச்சைத் தேடுவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் தேடுவது போன கோச்சுக்கு ஒரு மாற்று மருந்து. எதில் சூடு பட்டோமோ அது மட்டும் இல்லாத ஆள் வேண்டும். மற்றதெல்லாம் அந்த நேரத்தில் கண்ணில் படுவதே இல்லை.

நான் வந்தபோது ஃபிலிப் ஃபுல்மர் இருந்தார். இதே அணியில் ஆடியவர், மண்ணின் மைந்தர். பின்னாளில் நாடே கொண்டாடிய பெய்டன் மேனிங் இவர் காலத்து ஆட்டக்காரர்தான். 1998-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். 152 வெற்றி, 52 தோல்வி. ஆனால் 2008-ல் அணி சரிந்தது. "பழைய ஆள், காலம் மாறிவிட்டது" என்றார்கள். நவம்பர் முதல் வாரத்தில் அவர் கண் கலங்க விடைபெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இந்த ஆட்டத்தின் விதிகளே அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பெரிய மனிதரை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

பழையதற்கு மாற்று எது? புதியது. லேன் கிஃபின் வந்தார். வயது 33, வெளியூர்க்காரர், வாய்த்துடுக்கு அதிகம். வந்த சில வாரங்களிலேயே ஃப்ளோரிடாவின் கோச் விதி மீறினார் என்று மேடையில் சொல்லி, அது தவறு என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஆட்கள் அதையும் ரசித்தார்கள். ஒரே ஒரு சீசன்தான். 2010 ஜனவரி 12 இரவு, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் கூப்பிட்டது என்று கிளம்பிவிட்டார். அன்று நூலகத்திலிருந்து அறைக்குத் திரும்பும்போது வளாகத்தில் ஒரே கூட்டம், புகை. மெத்தையைக் கொளுத்தியிருந்தார்கள். ஏதோ கலவரம் என்று பயந்து வேகமாக நடந்தேன். கோச் வேலையை விட்டதற்கு இந்த ரகளை என்று மறுநாள்தான் தெரிந்தது. (அதே கிஃபின் 2025 நவம்பர் 30 அன்று, ப்ளேஆஃப் என்ற பட்டச் சுற்றின் வாசலில் நின்ற மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஓல் மிஸ் அணியை விட்டுவிட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நாடே அதிர்ந்தது என்றார்கள். நாக்ஸ்வில்லில் யாரும் அதிரவில்லை.)

ஓடிப்போனவருக்கு மாற்று ஒரு கண்ணியவான். டெரெக் டூலி, பேர்பெற்ற கோச்சின் மகன், வக்கீல் படிப்பு படித்தவர், பேச்சில் மரியாதை. முந்தைய கல்லூரியில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கென்டக்கியிடம் 26 ஆண்டுகள் தோற்காமல் இருந்த பெருமை அவர் காலத்தில் போனது. கண்ணியவான் சரிப்படவில்லை, இனிச் சுறுசுறுப்பான ஆள் வேண்டும் என்றார்கள். புட்ச் ஜோன்ஸ் வந்தார். "செங்கல் மேல் செங்கல்" என்பதில் தொடங்கி வாசகங்களாகவே பேசினார். தோற்ற பிறகும் வாசகம். "வாழ்க்கையின் சாம்பியன்கள்" என்று அவர் தன் மாணவர்களைப் பற்றிச் சொன்னதை வைத்து இந்த ஊர் இன்னும் சிரிக்கிறது. 2017-ல் மைதான ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டி வைத்தார்கள். எதிரணியிடமிருந்து பந்தைப் பிடுங்கினால் அதில் போட வேண்டுமாம். அந்த வருடம் ஜார்ஜியா எங்கள் மைதானத்திலேயே 41–0 என்று அடித்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஃபுல்மர் காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், அன்று மாலை தன் வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து அதைச் சுட்டிக்காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த 2017-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஜோன்ஸை நீக்கினார்கள். 4 வெற்றி, 8 தோல்வி. இந்த அணியின் வரலாற்றில் ஒரு சீசனில் எட்டுத் தோல்வி அதுவே முதல் முறை. எல்லோருடைய வாயிலும் ஒரே பெயர், ஜான் க்ரூடன். தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றவர், இளம் வயதில் டென்னசியில் உதவியாளராக இருந்தவர், மனைவியும் இங்கே படித்தவர். ஒவ்வொரு முறை பதவி காலியாகும்போதும் இந்தப் பெயர் வரும். அவரை ஊரில் அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன் என்பார்கள். தனி விமானங்கள் எங்கே இறங்குகின்றன என்று செயலியில் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். நானும் கிடந்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. க்ரூடன் இல்லை, ஒஹாயோ ஸ்டேட்டின் உதவிப் பயிற்சியாளர் க்ரெக் ஷியானோதான் வரப்போகிறார் என்று செய்தி கசிந்தது. சில மணி நேரத்தில் ஊர் கொதித்துவிட்டது. வளாகத்தில் 'தி ராக்' என்று ஒரு பெரிய பாறை உண்டு. யார் வேண்டுமானாலும் பெயின்ட் அடித்து எழுதலாம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்த சிறுவர் பாலியல் கொடுமை வழக்கோடு ஷியானோவைச் சேர்த்து அதில் எழுதினார்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள்வரை எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரவுக்குள் பல்கலைக்கழகம் பின்வாங்கியது.

அந்தப் பாறையின் படத்தை அன்று நானும் பகிர்ந்தேன். இப்போது என்றால் பகிரமாட்டேன். ஷியானோமீது இருந்தது, அந்தக் கொடுமை அவருக்குத் தெரிந்திருந்தது என்று ஒருவர் சொன்னதாக இன்னொருவர் வழக்கு வாக்குமூலத்தில் சொன்ன கேள்விப்பட்ட செய்தி. தனக்கு எதுவும் தெரியாது என்று அவர் மறுத்தார். அவர்மீது எந்த வழக்கும் இல்லை. நிஜமாகவே மனம் கொதித்துப் போனவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் என் விஷயத்தைச் சொல்கிறேன். க்ரூடன் கிடைக்கவில்லை என்ற எரிச்சல் எனக்கு இருந்தது. முன்பு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பதினோரு சீசனில் 68 வெற்றி, 67 தோல்வி என்ற அவர் கணக்கு எனக்குப் போதவில்லை. அந்த எரிச்சலுக்கு ஒரு கௌரவமான சட்டை கிடைத்தது, மாட்டிக்கொண்டேன். வருடத்துக்குப் பத்து ஆட்டம் ஜெயிக்கிறவராக இருந்திருந்தால் பாறைப் பக்கம் நான் போயிருப்பேனா? மாட்டேன்.

அந்தக் கலகத்தால் கிடைத்தது என்ன? விளையாட்டுத் துறைத் தலைவர் ஜான் கரி வேறு சிலரிடம் பேசிப் பார்த்தார், எதுவும் கைகூடவில்லை. டிசம்பர் 1 அன்று அவரையும் ஒதுக்கிவிட்டு, அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? ஒன்பது வருடத்துக்கு முன் அனுப்பிவைத்த அதே ஃபுல்மரை. அவர் ஜெரமி ப்ரூயிட்டைக் கொண்டுவந்தார். அலபாமாவின் தடுப்பாட்டத்தை நடத்தியவர், வாசகம் பேசாதவர், முரட்டு ஆள். ஜோன்ஸுக்கு அச்சு அசலான எதிர்ப்பதம். மூன்று வருடத்தில் 16 வெற்றி, 19 தோல்வி. அது போகட்டும் என்றால், ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில் நூற்றுக்கணக்கான விதிமீறல்கள். 2021 ஜனவரியில் வேலை போனது. 2023-ல் அணிக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம்.

சரி, ரசிகர்கள் கேட்டதே கிடைத்திருந்தால்? அதற்கும் ஒரு கதை, அதுவும் அதே 2017 டிசம்பரில். நெப்ராஸ்காவின் பழைய குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்), 1997-ல் அங்கே பட்டம் வென்றவர், அந்த மாநிலத்தில் பிறந்த பிள்ளை ஸ்காட் ஃப்ராஸ்ட். மத்திய ஃப்ளோரிடா அணியை அந்த வருடம் ஒரு தோல்வியும் இல்லாமல் கொண்டுவந்திருந்தார். நெப்ராஸ்கா அவரைப் பிடித்தது. எதிர்க்குரல் ஒன்றுகூட நான் கேட்கவில்லை. எங்கள் பெரியவர்கூட "அவர்களுக்கு மட்டும் எப்படி அமைகிறது பார்" என்று வயிறெரிந்தார். ஐந்தாவது சீசனைக்கூட ஃப்ராஸ்ட் முடிக்கவில்லை. 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பரில், இன்னும் மூன்று வாரம் பொறுத்தால் ஒப்பந்தத்தை முறிக்கக் கொடுக்க வேண்டிய தொகை பாதியாகக் குறையும் என்று தெரிந்தும், முழுசாக ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஃப்ராஸ்ட் விட்டுப்போன மத்திய ஃப்ளோரிடா நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் ஜாஷ் ஹைபல்.

2021 ஜனவரியில் எங்கள் புதிய விளையாட்டுத் துறைத் தலைவர் டேனி வைட் அங்கிருந்து வந்தார், வந்த ஒரு வாரத்தில் தன் பழைய அலுவலகத்து ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று குழுவில் கரித்துக்கொட்டினோம். யாருடைய பட்டியலிலும் ஹைபல் பெயர் இல்லை. என் மாற்று மருந்துக் கணக்கிலும் அவர் சரியாக உட்காரவில்லை. தடுப்பாட்டக்காரருக்குப் பிறகு தாக்குதல் ஆட்டக்காரர் என்று வேண்டுமானால் இழுத்துப் பொருத்தலாம். ஆனால் ரசிகர்கள் கேட்டு வந்தவர் இல்லை, நாங்கள் களைத்துப் போயிருந்த நேரத்தில் சத்தமில்லாமல் வந்தவர். 2022 அக்டோபர் 15, அலபாமாவை 52–49. பதினைந்து வருடம் தொடர்ந்து தோற்ற பிறகு. கடைசி நொடியில் உதைத்த பந்து ஆடி அசைந்து கம்பத்தைத் தாண்டியது. ஜனம் மைதானத்துக்குள் இறங்கி, கோல் கம்பங்களைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய் டென்னசி ஆற்றில் போட்டது. புதுக் கம்பம் வாங்கப் பல்கலைக்கழகம் ரசிகர்களிடமே நன்கொடை கேட்டது. நானும் இருபது டாலர் போட்டேன். 2024-ல் பன்னிரண்டு அணி ப்ளேஆஃபுக்குப் போனோம், ஒஹாயோவில் நன்றாக உதை வாங்கித் திரும்பினோம்.

கோச்சைக் கணிக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. நான் பார்ப்பது ஒன்றுதான். கையில் குறைவாக இருந்தபோது அந்த ஆள் என்ன செய்தார்? கர்ட் சிக்னெட்டி சிறிய கல்லூரிகளில் ஜெயித்து, ஜெயித்து, 62 வயதில் 2023 நவம்பர் கடைசியில் இண்டியானாவுக்கு வந்தார். பெரிய கல்லூரி ரசிகர்களின் கனவுப் பட்டியல்களில் நான் அந்தப் பெயரைப் பார்த்ததில்லை. "நான் ஜெயிப்பேன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றார். திமிர் என்று நினைத்தேன். தேடியிருந்தால் அது வெறும் தகவல் என்று தெரிந்திருக்கும். அடுத்த வருடமே பதினோரு வெற்றி.

எனவே ஹைபல் விஷயத்தில் என் கட்சி இதுதான்: இருக்கட்டும். தடுப்பாட்டம் மோசம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழுவில் வந்த ஏழு பெயர்களையும் மறுபடி பார்த்தேன். ஐந்து பேர் தடுப்பாட்டக்காரர்கள். ப்ரூயிட்டும் அப்படித்தானே என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. சற்று நேரம் கழித்துப் பெரியவர் மட்டும் ஒரு படம் அனுப்பினார். ஏதோ ஒரு தனி விமானம், வரைபடத்தில், நாக்ஸ்வில்லை நோக்கி. பெரிதாக்கிப் பார்த்தேன். அட்லாண்டாவுக்குத் திரும்பிவிட்டது.