போர்ட்டரின் தீயணைப்புப் படம்: ஒரு திருத்தம்
அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் எட்வின் போர்ட்டர் 1903-இல் வெளியான 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' படத்திலேயே, தீப்பற்றிய வீட்டின் உள்ளும் புறமும் நடக்கும் காட்சிகளை மாறி மாறி வெட்டிக் கதை சொல்லும் உத்தியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பல பழைய பாடநூல்களும் அப்படித்தான் சொல்லின. ஆனால் அது சரியன்று.

அந்தப் பாடநூல்கள் நம்பிய நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துப் பிரதி, பிற்காலத்தில் யாரோ அப்படி வெட்டி ஒட்டியது. பதிப்புரிமைக்காகக் காகிதச் சுருளில் அச்சிட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அளிக்கப்பட்ட பிரதியில், மீட்புக் காட்சி முழுமையாக இரண்டு முறை வருகிறது. முதலில் அறைக்குள்ளிருந்து: தீயணைப்பு வீரர் சன்னலை உடைத்து, மயங்கிய பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்குகிறார், பிறகு திரும்பி வந்து குழந்தையை எடுத்துச் செல்கிறார். அடுத்து அதே நிகழ்ச்சி தெருவிலிருந்து மறுபடியும் தொடங்குகிறது. தரையில் கண்விழித்த தாய் குழந்தைக்காகக் கெஞ்சுவதை அப்போதுதான் பார்க்கிறோம். வீரர் ஏன் மீண்டும் மேலே வந்தார் என்பதும் அப்போதுதான் விளங்குகிறது.

இதைப் போர்ட்டரின் பிழை என்று கொள்ள வேண்டியதில்லை. பிரெஞ்சு இயக்குநர் மெலியேயின் 1902 நிலவுப் பயணப் படத்திலும் விண்கலம் இரண்டு முறை இறங்குகிறது. ஒரே பொழுதில் இரண்டு இடங்களில் நடப்பவற்றை வெட்டி வெட்டிக் காட்டிப் பதைபதைக்க வைக்கும் முறை, 1909-இல் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் எடுத்த 'தி லோன்லி வில்லா' போன்ற படங்களில்தான் தெளிவாக உருப்பெற்றது.