அட்டைப்பெட்டியை நிரப்பவா ஆளைக் கூப்பிடுகிறீர்கள்?

இன்றைக்கும் அதே கூத்து. "வாக்-இன் இன்டர்வியூ, காலை 9 முதல் 12 வரை, அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும்." துபாயில் விசிட் விசாவில் வேலை தேடுகிற யாரும் இந்த ஒரு வரியை நம்பி ஒரு நாளையாவது தொலைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

பெட் ஸ்பேஸ், அதாவது பலரோடு பங்குபோடும் அறையில் வாடகைக்கு ஒரு கட்டில், துபாயின் பழைய பகுதியான தேராவில். போக வேண்டியது மறுகோடியில் குடோன்கள் நிறைந்த ஜெபல் அலிக்கு. எட்டுப் பேருக்கு ஒரு பாத்ரூம் என்பதால் 5 மணிக்கே எழுந்தால்தான் முறை கிடைக்கும். ரெட் லைன் மெட்ரோவில் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. சில்வர் நோல் கார்டில் (மெட்ரோ, பஸ்ஸுக்கான பயண அட்டை) ஒரு வழிக்கே 7.50 திர்ஹம். இறங்கி ஃபீடர் பஸ், அதாவது மெட்ரோ இணைப்பு பஸ். பஸ் விட்ட இடத்திலிருந்து குடோன் குடோனாக நடை. நடைபாதை கிடையாது, லாரி ஓடுகிற மண் ஓரம்தான். ராத்திரி பாலிஷ் போட்ட ஷூ, வாசலுக்குப் போய்ச் சேரும்போது சுண்ணாம்பு பூசினது மாதிரி நிற்கும்.

எட்டேகாலுக்கே வரிசை கேட்டைத் தாண்டிவிடும். நிழலுக்கு ஒரு தகரம்கூட இருக்காது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வேலை கேட்டு வெயிலில் நிற்கிறவனுக்கு அதில் இடமில்லை.

9 மணிக்குக் கதவு திறக்காது. 9.40க்கு வாட்ச்மேன் ஒரு கட்டு படிவத்தோடு வருவார். கையில் இருக்கிற சிவியில் உள்ள பெயர், பாஸ்போர்ட் எண், அனுபவம் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். பேனா தர மாட்டார்கள். ஒரு பேனா பத்துக் கை மாறும். கடைசிக் கட்டத்தில் இருக்கும் பாருங்கள், "விசா முடியும் தேதி". அவர்களுக்கு வேண்டியது அதுதான். பத்து நாள்தான் பாக்கி என்று தெரிந்தால் சொல்கிற சம்பளத்துக்குத் தலையாட்டுவான் என்பது அவர்கள் கணக்கு.

10.30க்கு அட்டைப்பெட்டி வரும். ஜெராக்ஸ் பேப்பர் வந்த காலிப் பெட்டி. அதில் ஒவ்வொருவராக சிவியைப் போட வேண்டும். பெட்டி நிரம்பியதும் வாட்ச்மேன் டீ கப்பை அதன்மேலேயே வைப்பார். மேலே இருக்கிற சிவியில், போட்டோவுக்குப் பக்கத்தில், வட்டமாகக் கறை. 11.15க்கு உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "எச்ஆர் மீட்டிங்ல இருக்காங்க, கால் வரும், எல்லாரும் போகலாம்." ஒருத்தரிடம்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை! சிவிதான் வேண்டுமென்றால் மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கலாமே ஐயா! அசல் சான்றிதழை மண்ணிலும் வியர்வையிலும் தூக்கிவரச் சொன்னது எதற்கு?

60 நாள் விசிட் விசா என்பது 60 வேலைநாள் இல்லை. இறங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கை ஓடும். சனியும் ஞாயிறும் 16 முதல் 18 நாளைத் தின்றுவிடும். 2022 முதல் அரசு அலுவலகங்களில் வெள்ளியும் அரைநாள்தான். மிஞ்சுகிற நாற்பத்துச் சொச்சத்தில் ஒன்றைத்தான் அந்த அட்டைப்பெட்டி விழுங்கியது. தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். அதை எந்த எச்ஆரும் கட்டப் போவதில்லை.

இதைவிடக் கேவலம், "ரெஜிஸ்ட்ரேஷன்" என்று காசு கேட்கிற கூட்டம். ஒரு திர்ஹம்கூடக் கொடுக்காதீர்கள். ஆளெடுக்கிற செலவைத் தொழிலாளியின் தலையில் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஃப்ரீ ஸோனுக்கு (தனி விதிகள் உள்ள வணிக மண்டலம்) வெளியே தனியார் கம்பெனி வேலை என்றால் ஆஃபர் லெட்டர் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வர வேண்டும். அந்தப் படிவம் தமிழிலும் உண்டு, கேட்டு வாங்கிப் படியுங்கள். லெட்டர்பேடில் அடித்து நீட்டுகிற தாளை நம்பி ஊரில் கடன் வாங்காதீர்கள். கிளம்பும் முன்பே டிகிரிக்கு மாநில அரசு, டெல்லி வெளியுறவுத் துறை, எமிரேட்ஸ் தூதரகம் என்று வரிசையாக அட்டஸ்டேஷன் (சான்றிதழ் உண்மை என்கிற முத்திரை) முடித்துவிடுங்கள். இங்கே வந்தபின் அசலைக் கூரியரில் அனுப்பிக் காத்திருந்தால் விசா முடிந்துவிடும்.

அப்புறம், பெட் ஸ்பேஸில் பொது இஸ்திரிப் பெட்டியில் பாலியெஸ்டர் சட்டையைத் தேய்த்து உருக்கிவிட்டுச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகிற மகராசன் யார்? அந்தக் கறுப்புப் பிசின் அடுத்தவன் இன்டர்வியூ சட்டையில், காலரிலேயே அப்புகிறது. பழைய பேப்பரில் ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கொட்டி, சூடான பெட்டியை அதன்மேல் நாலு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். நீராவி மட்டும் போடாதீர்கள். உப்பு அடுப்பு மேடையில்தான் இருக்கிறது.