அந்தக் கத்தி எங்கே போனது?

போன வாரம் ஒரு தங்கை தன் முதல் கதையை அனுப்பியிருந்தாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அண்ணா, படிச்சுட்டு உள்ளதைச் சொல்லுங்க" என்று ஒரு வரி, கூடவே கதை. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நாள், மகள் வாசலில் நிற்கிறாள், அப்போது இப்படி ஒரு வாக்கியம்: "அப்பா தெருமுனையிலிருந்தே கத்தி கொண்டு வந்தார்."

எனக்குப் பக்கென்றது. அடுத்த நான்கு பக்கமும் அந்தக் கத்திக்காகவே காத்திருந்தேன். அப்பா மகளைக் கட்டிக்கொள்கிறார், ஜிலேபி வாங்கித் தருகிறார், திண்ணையில் உட்கார்ந்து அழுகிறார், எதுவுமே மனதில் ஏறவில்லை. படித்து முடித்த பிறகுதான் புரிந்தது, மனுஷன் சந்தோஷத்தில் கத்திக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு 'க்' விட்டுப்போய், நடுவில் ஓர் இடைவெளி விழுந்ததில் பாசக்கார அப்பா கொலைகாரராகிவிட்டார். அவ்வளவு நல்ல கதை, நான் சரியாகப் படிக்கவே இல்லை.

"உணர்வுதான் முக்கியம், பிழையை எடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று புதிதாக எழுத வருகிற பலர் சொல்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். முதலில், எந்த எடிட்டர்? இன்று பாதிப் பேர் போனில் எழுதி அப்படியே வெளியிடுகிறார்கள், நடுவில் ஒரு ஆள் கிடையாது. அப்படியே ஒருவர் இருந்தாலும் அவர் எதை வைத்துத் திருத்துவார்? 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்த பலகை. இரண்டுமே சரியான தமிழ். நீங்கள் எதை நினைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். 'இறந்தாள்' என்றால் செத்துப்போனாள், 'இரந்தாள்' என்றால் பிச்சை கேட்டாள். ஒரு பாத்திரத்தின் உயிரே றகரத்தில் தொங்குகிறது.

சந்தி, அதாவது இரண்டு சொல் சேரும் இடத்தில் நடுவே ஓர் ஒற்று வருவது மாதிரியான விஷயம், என்றதும் பள்ளிக்கூடத்து நன்னூல் இலக்கணம் ஞாபகம் வந்து எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அது நம் வாயிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியிடம் பேசிப் பாருங்கள், "அந்தப் பையன்", "அதக் குடு", "அவனுக்குத் தெரியும்" என்று அந்த 'ப்', 'க்', 'த்' ஒற்றெழுத்தை அழுத்தித்தான் சொல்வார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாம்தான் எழுதும்போது "அந்த பையன்", "அதை கொடு" என்று அதைத் தொலைக்கிறோம். ஒரு காலத்தில் அச்சகத்தில் புரூப் பார்த்தேன். ஒருவர் மூலப்படியை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் புரூபில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் சொல்வார், "கண்ணால பார்க்காதே தம்பி, காதால பாரு." இன்றைக்கும் எழுதியதை ஒருமுறை உரக்கப் படிக்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

காதுக்குப் பிடிபடாதவையும் உண்டு. ல, ள, ழ குழப்பத்துக்கு அகராதிதான் வழி, வேறு குறுக்குவழி இல்லை. 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்னும் என் மேசையில் இருக்கிறது, வாரத்தில் நாலைந்து தடவையாவது புரட்டுகிறேன். சில விஷயங்களை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். 'ட்', 'ற்' இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு ஒற்று வராது. இது தெரிந்தால் 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'காட்ச்சி' எல்லாம் ஒரே நாளில் காணாமல் போகும். அப்புறம் 'முந்நூறு'. ரூபாயை எழுதும்போது 'முன்னூறு' என்று போடுகிறோமே, அது மூன்று நூறு இல்லை.

வட்டார வழக்கில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) கரிசல் பேச்சை அப்படியே எழுதியவர், அதே கி.ரா.தான் அந்த வழக்குக்கென்று ஒரு சொல்லகராதியும் தொகுத்தார். பேச்சுமொழிக்கும் ஒழுங்கு உண்டு, அதைக் காது கொடுத்துப் பிடித்து எழுதுவது தப்பில்லாத உரைநடை எழுதுவதைவிடக் கஷ்டம். 'வந்துட்டான்' வழக்கு. 'வன்துட்டான்' பிழை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். வீட்டில் முதல் ஆளாகப் படித்து எழுத வருகிற பிள்ளையின் கதையைப் படித்துவிட்டு "சந்திப்பிழை மலிந்துள்ளது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குக் கடுங்கோபம் வரும். எந்த இடம், ஏன் தப்பு என்று சொல்ல நேரமில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். 'வாழ்த்துகளா', 'வாழ்த்துக்களா' என்று இரண்டு நாள் சண்டை போடுவதும் வேண்டாம், அறிஞர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதினால் போதும்.

அந்தத் தங்கையிடம் கத்தி விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பா அப்படி வந்ததுதான் அண்ணா நான் இந்தக் கதையை எழுதினதுக்குக் காரணமே" என்றாள். நேற்று இரவு திருத்தி அனுப்பியிருக்கிறாள். அப்பா கத்திக்கொண்டே வருகிறார், ஜிலேபிப் பொட்டலம் கையில் நசுங்கியிருக்கிறது, அது போன தடவையே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் 'சுவற்றில்' இருக்கிறது. 'சுவரில்' என்று குறித்து அனுப்பியிருக்கிறேன்.