கருமணலில் ‘குளிர் அணு இணைவு’: வாட்ஸ்அப் தகவல் உண்மையா?

மணவாளக்குறிச்சி கருமணலை உப்புத்தண்ணீரில் போட்டு பேட்டரி இணைத்தால் குளிர் அணு இணைவு (அதாவது, சாதாரண வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் ஒன்றுசேர்வது) நடக்குமாம். அருகில் வைத்த சிஆர்-39 பிளாஸ்டிக்கில் (மூக்குக்கண்ணாடி வில்லைக்கும் இதுதான்) விழும் அணுத்துகள்களின் தடங்களே சாட்சியாம். தவறு.

தடம் விழும்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த மணலை மட்டும் வைத்தாலும் விழும்! மணலிலுள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அது சிதைந்து படிப்படியாக வேறு தனிமங்களாக மாறும் தொடரில் வரும் பொலோனியம்-212 உமிழும் ஆல்பா துகளின் ஆற்றல் 8.78 மெகா எலக்ட்ரான் வோல்ட்; தடம் பதிக்க அது போதும். இடையில் உண்டாகும் தோரான் வாயு (ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் ஒரு வகை) காற்றிலும் கலக்கும்.

குளிர் அணு இணைவு நடந்ததாக விஞ்ஞானிகள் போன்ஸும் ஃப்ளெய்ஷ்மனும் 1989 மார்ச் 23-ல் அறிவித்த சோதனையில் இருந்தவை பல்லேடியம் உலோகமும் கனநீரும் (கன ஹைட்ரஜன் கொண்ட நீர்). பிறகு சில ஆய்வகங்கள் அத்தகைய சோதனைகளில் விளங்காத தடங்களைக் கண்டதாகச் சொன்னது வேறு கதை. அங்கேயும் முதலில் எழும் சந்தேகம் ரேடான் கலப்புதான். நம்மூர் மணலிலோ, தடம் தோரியத்தால்தான் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.