யார் குடுத்த கோட்டா, அண்ணை?

ஒரு அண்ணை போட்ட கொமென்டை அவர் இன்னும் அழிக்கவில்லை. பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் பிள்ளை ஒருத்தி லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு அதிபராகியிருக்கிறாள். வாழ்த்துகளுக்கு நடுவில் வந்து, "இப்ப கலர் பார்த்துத்தானே பதவி குடுக்கினம்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறார். அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

சரி, கலர் பார்த்துத்தான் குடுக்கிறார்கள் என்றே வைப்போம். 2020-21இல் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 86 வீதமானவற்றில் தலைமைக் குழுவில் இருந்த அத்தனை பேரும் வெள்ளையர்கள் என்கிறது என்.எஃப்.இ.ஆர். என்ற தேசியக் கல்வி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு. ஆகவே கலர் பார்த்தது உண்மைதான் அண்ணை. எந்தக் கலர் என்பதில்தான் உங்களுக்குக் குழப்பம்.

கோட்டா என்கிறார்கள். இந்த நாட்டில் வேலைக்கு இனக் கோட்டா வைப்பதே சட்டவிரோதம். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அனுமதிப்பது மிஞ்சிப்போனால் இவ்வளவுதான்: இரண்டு பேரும் தகுதியில் சமமாக நின்றால், குறைவாக இருக்கும் பிரிவைச் சேர்ந்தவரைத் தெரிவு செய்யலாம். செய்யலாம், அவ்வளவுதான். கட்டாயமில்லை.

ஜமேக்காவிலிருந்து 1963இல் வந்த கறுப்பினப் பெண் இவோன் கொனொலி, 1969இல் லண்டன் இஸ்லிங்டனில் ரிங் குரொஸ் ஆரம்பப் பள்ளிக்கு அதிபரானார். பள்ளிக்குப் போய்வர அவருக்கு மெய்ப்பாதுகாவலர் தேவைப்பட்டார். அதே ஆண்டு லண்டன் கம்டனில் அதிபரான இன்னொரு கறுப்பினப் பெண் பெரில் கில்ரோய், கயானாவில் பயிற்சி பெற்ற ஆசிரியையாக வந்தும் இங்கே கற்பிக்க இடம் கிடைக்காமல் பாத்திரம் கழுவினார், பணிப்பெண்ணாக இருந்தார். இவர்களுக்கும் சலுகையில்தான் கிடைத்தது என்பீர்களோ?

என் கதையையும் சொல்கிறேன், சுயபுராணம் என்று நினைத்தால் நினையுங்கள். நான் வேலை செய்த ஒரு பள்ளியில் பட்ஜெட் கூட்டம் நடக்கும். நான் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வரும்: ஒரு தமிழ் அம்மா வந்திருக்கிறார், மொழிபெயர்க்க வர முடியுமா? போவேன். அந்த அம்மாவின் பதற்றம் எனக்குத் தெரியும், போகாமல் இருக்க முடியுமா? திரும்பி வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். தீபாவளி அசெம்பிளி என்னுடையது, கறுப்பின வரலாற்று மாதத்துக்குச் சுவர் அலங்காரமும் என்னுடையது (கறுப்பின வரலாறு எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை). நேர அட்டவணையும் காசும் வேறு ஆட்களின் கையில். பிறகு துணை அதிபர் பதவிக்கு விண்ணப்பித்தபோது பள்ளியை மேற்பார்க்கும் கவர்னர் சபை கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பட்ஜெட் கையாண்ட அனுபவம் இருக்கிறதா?"

இப்படித்தான் நடக்கிறது. யாரும் வந்து முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. படியேறத் தேவையான வேலையைத் தருவதில்லை, அப்புறம் அந்த வேலை செய்யவில்லையே என்று கேட்கிறார்கள்.

"தகுதி பார்க்க வேண்டாமா அக்கா?" என்று ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்டார். பார்க்கத்தான் வேணும் தம்பி. எல்லோருக்கும் பாருங்கள். வெள்ளைக்காரர் ஒருவர் முப்பத்தைந்து வயதில் அதிபராகும்போது தகுதியைப் பற்றி நீங்கள் ஒரு வரியாவது எழுதியிருக்கிறீர்களா?

ரிஷி சுனக் பிரதமராகவே வந்துவிட்டாரே என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

உண்மையில் நோவது வேறு இடத்தில். யாழ்ப்பாணத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்த எத்தனை பெண்கள் இங்கே வந்து வகுப்பு உதவியாளராகவும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிறவர்களாகவும் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு அண்ணையும் கவலைப்பட்டுக் கொமென்ட் போட்டதில்லை. எனக்குத் தெரிந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றையே எடுங்கள். படிப்பிப்பது முழுக்கப் பெண்கள், சம்பளம் என்று சொல்லக்கூட முடியாத காசுக்கு. நிர்வாகக் கொமிட்டியில் யார்? ஆண்டு விழா மேடையில் மாலையோடு யார்? அங்கே தகுதி பார்த்தவர் யார் அண்ணை? அங்கே எந்தக் கோட்டா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஓம், கோபத்தில்தான்.

செப்டம்பரில் பொறுப்பேற்கும் அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கு ஜனவரியிலிருந்தே விளம்பரம் வரத் தொடங்கும். விண்ணப்பத்தை ஒருக்கால் பார்த்துத் தரச் சொல்லும் தங்கைமார் தயங்காமல் இன்பொக்ஸுக்கு வாருங்கள். அண்ணைமார் வர வேண்டாம்.