ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகும் எண்கள் யாருடையவை?

சென்ற வாரக் கூட்டத்தின் காணொளியை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். சிலர் உள்பெட்டியில் விசாரிக்கவும் செய்தீர்கள். அங்கே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நம் மாவட்டத்து லேப்கள் தரும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில், முடிவுக்குப் பக்கத்தில் அச்சாகும் நார்மல் ரேஞ்ச் நம் மாவட்டத்து மனிதர்களை வைத்து என்றைக்காவது சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? மேடையிலிருந்த மருத்துவர், "ரத்தம் உலகம் முழுக்க ஒன்றுதான் அம்மா, ஊருக்கு ஒரு ரத்தம் கிடையாது" என்றார். அரங்கம் சிரித்தது, மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. சிரித்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பதில் தவறானது என்பதை எழுதாமல் இருக்க மட்டும் என்னால் முடியவில்லை.

நார்மல் ரேஞ்ச் என்பது இயற்கை வகுத்த எல்லை அல்ல. ஆரோக்கியமான சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய ரத்தத்தை அளந்து, கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, கீழே இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் கழித்துவிட்டு, நடுவில் நிற்கும் 95 சதவீதத்தின் இரு முனைகளைக் குறித்துக்கொள்வதுதான் அது. அப்படியானால், அளக்கப்பட்டவர்கள் யார், எந்த வயதினர், எங்கே வாழ்ந்தவர்கள், என்ன உண்டவர்கள் என்ற விவரம் இல்லாமல் அந்த இரண்டு எண்களுக்கும் பொருளே கிடையாது. பின்லாந்தின் கிராஸ்பெக், சாரிஸ் என்ற இரு மருத்துவ விஞ்ஞானிகள் 1969-இலேயே இதை வலியுறுத்தினார்கள். நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

நம் லேப்களில் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை வாழ்நாளின் பெரும்பகுதியை லேபில் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ரீஏஜென்ட் கிட், அதாவது பரிசோதனைக்கான ரசாயனங்கள் வரும் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலிருந்து வருகின்றன. புதிய மெஷினை நிறுவ வரும் பொறியாளர் அந்தத் தாளைப் பார்த்துக் கணினியில் ஏற்றிவிட்டுப் போவார். அதன்பின் மெஷின் பழசாகும் வரை அதை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு ஆய்வகமும் தனக்கான வரம்பைத் தானே நிறுவிக்கொள்ள வேண்டும் என்ற வரியும் பெரும்பாலும் அதே தாளில் இருக்கும். அந்த வரியை யாரும் கணினியில் ஏற்றுவதில்லை.

"இதனால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது?" என்று காணொளியின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகள் முதல் கர்ப்பத்தில் இருந்தபோது அவளுடைய டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது கூடும்) 3.1 என்று வந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அது 2.5-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க தைராய்டு சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நடைமுறையில் இருந்த காலம் அது. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் மேலே என்று குறி, அன்றே மாத்திரை. அதோடு முடியவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே தைராய்டு இருந்திருக்கு, எங்ககிட்ட மறைச்சிட்டீங்க" என்று அவளுடைய மாமியார் என் தங்கையிடம் கேட்டார். "பெரியம்மா, என்னால குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று அந்தப் பெண் தொலைபேசியில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் எவ்வளவோ சொன்னேன். அச்சிட்ட தாளுக்கு முன்னால் பெரியம்மாவின் பேச்சுக்கு என்ன மதிப்பு?

இனிமேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. டெல்லியில் ஆரோக்கியமான இந்தியக் கர்ப்பிணிகளை அளந்து 2008-இலேயே ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. அதில் முதல் மூன்று மாதங்களுக்கான டி.எஸ்.எச். மேல் எல்லை 5 வரை இருந்தது. நம் பெண்களை நம்மவர்களே அளந்து எழுதிய எண் கையிலிருந்தும், மூன்று ஆண்டுகள் கழித்து வெளியிலிருந்து வந்த 2.5-ஐத்தான் நாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம். அதே அமெரிக்கச் சங்கம் 2017-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. அந்தந்த மக்களிடம் அளந்து பெற்ற வரம்பையே பயன்படுத்துங்கள், அது இல்லாவிட்டால் மட்டும் 4 என்ற மேல் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள் என்றது. உள்ளூர் வரம்பு வேண்டும் என்று அமெரிக்கர்கள் சொன்னால் அது அறிவியல், நம் ஊர் லேபில் வேலை பார்த்த ஒரு பெண் சொன்னால் அரங்கம் சிரிக்க வேண்டிய பேச்சா? (இதைப் படித்துவிட்டு யாரும் தைராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உண்மையான குறைபாடு உள்ள கர்ப்பிணிக்கு அந்த மாத்திரை மிக அவசியம்.)

ரத்தம் உலகம் முழுக்க ஒன்றுதான் என்பவர்களுக்கு ஆப்பிரிக்காவை நினைவூட்டுகிறேன். எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனைகளுக்கு முன்னேற்பாடாக ருவாண்டா, உகாண்டா, கென்யா, சாம்பியா நாடுகளில் ஆரோக்கியமான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தை அளந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுடைய ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை அமெரிக்க வரம்பைவிடக் குறைவாக இருந்தது. அது நோய் அல்ல. வைவாக்ஸ் மலேரியாவிலிருந்து காக்கும் டஃபி மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. இது தெரியாமல் எத்தனை பேருக்குத் தேவையற்ற எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும், எத்தனை பேருக்குப் புற்றுநோய் மருந்தின் அளவைக் குறைத்துத் தருவதும் நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ருவாண்டாவால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

எதிர்ப்புகளில் ஒன்றை மட்டும் நான் உண்மையாகவே மதிக்கிறேன். "நம் மக்களில் பாதிப்பேர் சத்துக் குறைவோடு இருக்கிறார்கள், அவர்களை அளந்து வரம்பு வைத்தால் குறைபாட்டையே இயல்பு என்று ஆக்கிவிடுவீர்கள்" என்று சமூக மருத்துவம் படிக்கும் ஒரு தம்பி எழுதியிருந்தார். நியாயமான பயம். பதில், யாரை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஹீமோகுளோபினுக்கு உலக சுகாதார நிறுவனம் 1968-இல் வைத்த எல்லைகள் பெரும்பாலும் வெள்ளையின மக்களை அளந்து பெற்றவை. இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 2016 முதல் 2018 வரை திரட்டிய ரத்த மாதிரிகளைக் கொண்டு, இரும்புச்சத்து, ஃபோலேட், பி12 ஆகியவற்றில் குறை உள்ள குழந்தைகளையும் உடலில் அழற்சி இருப்பவர்களையும் முதலில் விலக்கிவிட்டு, மீதமுள்ள ஆரோக்கியமான குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள். 2021-இல் வெளியான அந்த முடிவின்படி, பெரும்பாலான வயதுகளில் இந்தியக் குழந்தைகளின் கீழ் எல்லை பழைய எல்லையைவிட டெசிலிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை குறைவு. ரத்தசோகை உள்ளவர்களின் விகிதம் 30 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 11 சதவீதமாக இறங்கியது. குறைபாட்டை மறைத்து வந்த இறக்கம் அல்ல அது; குறைபாடு உள்ளவர்களை ஒதுக்கிவிட்டு அளந்தபின் வந்தது. 2024-இல் உலக சுகாதார நிறுவனமே இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின் எல்லையை 11-இலிருந்து 10.5-ஆகக் குறைத்தது.

எல்லாவற்றையும் உள்ளூர் அளவுக்கு மாற்றுங்கள் என்று நான் சொன்னதாகத் திரிப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126, சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 போன்றவை ஊராரின் ரத்தத்தை அளந்து வைத்த எல்லைகள் அல்ல. எந்த அளவுக்கு மேல் போனால் கண்ணின் விழித்திரை கெடத் தொடங்குகிறது என்பதைப் பார்த்து வைத்த எல்லைகள். அவற்றில் யாரும் கைவைக்கச் சொல்லவில்லை.

இறக்குமதி வரம்பால் ஆரோக்கியமானவர் நோயாளி ஆவது மட்டும்தான் நடக்கிறது என்றும் நினைக்காதீர்கள். நோயாளி தப்பிப் போவதும் நடக்கிறது. எனக்கு அதுதான் இன்னும் பயம். கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வழியே வெளியேறும் கழிவு. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள, இறைச்சியை எப்போதாவது தொடுகிற, வயல் வேலை செய்து தேய்ந்த அறுபது வயது அம்மாளுக்கு 1.1 என்று வந்தால், பல லேப்களின் தாளில் அது வரம்புக்குள் அடங்கிவிடும். கிரியாட்டினின், வயது, பாலினம் மூன்றையும் வைத்துக் கணக்கிடும், 2021-இல் வந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், அவருடைய சிறுநீரக வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே, ஏறத்தாழ 57.5-இல் நிற்கும். தசை குறைந்தவருக்கு உண்மை நிலை அதைவிடவும் மோசமாக இருக்கலாம். தாளில் குறி எதுவும் இல்லாததால் மருத்துவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.

குழந்தைகளின் நிலையும் இதுவே. வளரும் குழந்தைக்கு எலும்பிலிருந்து அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி அதிகமாக வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு நியூட்ரோஃபிலைவிட லிம்ஃபோசைட் என்ற மற்றொரு வகை வெள்ளை அணு கூடுதலாக இருக்கும். இரண்டும் இயல்பு. ஆனாலும் பெரியவர்களின் வரம்பை அச்சிட்டு, இரண்டையும் அசாதாரணம் என்று குறித்துத் தரும் ரிப்போர்ட்களை நான் இன்றும் பார்க்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் அழுதுகொண்டு நிற்கும் தாய்மாரையும் பார்த்திருக்கிறேன். கனடாவில் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளை அளந்து, வயது வாரியாக வரம்புகள் வகுத்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

"ஒரே மாநிலத்துக்குள் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?" என்று கேட்கிறவர்கள் ஊட்டிக்குப் போய்ப் பார்க்கட்டும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடும். அதற்குத் திருத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே அட்டவணை தந்திருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் மரபு, அதாவது சிவப்பணு அரிவாள் வடிவில் வளையும் பரம்பரைத் தன்மை, இருப்பது 1952-இலேயே பதிவானது. இருந்தும் நாகப்பட்டினத்தில் அச்சாகும் அதே இரண்டு எண்கள்தான் உதகையிலும் அச்சாகின்றன.

செலவு என்ற பேச்சுக்கு நான் அதிகம் பதில் சொல்லப் போவதில்லை. சர்வதேச நெறிமுறை கேட்பது ஆண், பெண், வயது என்று பிரிக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது 120 ஆரோக்கியமான மனிதர்கள். அதுவும் முடியாதா? வெளியிலிருந்து வந்த வரம்பை உள்ளூரில் சரிபார்க்க 20 பேர் போதும். அவர்களில் இரண்டு பேருக்கு மேல் வரம்புக்கு வெளியே போகவில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். இருபது பேர்! ஏறத்தாழ மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற மாநிலத்தில் இருபது பேரின் ரத்தத்தை அளக்க யாருக்கும் நேரமில்லை என்றால், அதற்குக் காரணம் பணமல்ல.

காரணம் என்ன என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை முழு ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தால், குறைந்தது ஒன்றாவது வரம்புக்கு வெளியே விழுவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. வரம்பு சரியாக இருக்கும்போதே இந்தக் கதை. நமக்குப் பொருந்தாத வரம்பை வைத்துக்கொண்டு எழுபது பரிசோதனைகளை ஒரே பேக்கேஜாக விற்றால், எந்தக் குறியும் இல்லாமல் வெளியே வருகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? குறி விழுந்தால் மறுபரிசோதனை, ஸ்கேன், அடுத்த மருத்துவர். இவ்வளவும் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தின் தலையில் விழுகிறது. அந்தக் குடும்பத்தின் ரத்தத்தைப் பரிசோதித்துப் பணம் வாங்கத் தெரிந்த நமக்கு, அவர்களுக்கு எது இயல்பு என்று அளந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை. அவர்களை நாம் நோயாளிகளாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அவர்களிலும் ஆரோக்கியமானவர்கள் உண்டு, இயல்பு என்பதற்கு அவர்களும் அளவுகோல் ஆகலாம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. மேடையில் எழுந்த சிரிப்பு என்னை உறுத்துவது இதனால்தான்.

"டெக்னீசியனுக்கு எதற்கு இந்த வேலை?" என்று எழுதியவருக்குத் தனியாகப் பதில் இல்லை. டியூபைக் கையில் வாங்குகிறவள் நான்தான். குறி விழுந்த தாளைக் கொடுக்கும்போது எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கிறவளும் நான்தான்.

எந்த மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை முன்வந்தாலும் ஊதியம் இல்லாமல் வந்து உழைக்க நான் தயார். யாரைச் சேர்க்கலாம், யாரை விலக்க வேண்டும் என்பதற்கான கேள்வித்தாளைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாள் கடும் உழைப்பு கூடாது; இரவு உணவுக்குப் பின் வெறும் வயிறு; கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகே ரத்தம் எடுக்க வேண்டும்; கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது; இரண்டு மணி நேரத்துக்குள், உறைந்த ரத்தத்திலிருந்து தெளியும் நீரான சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். அரசுக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் நேற்று இரவு விவரம் கேட்டிருந்தார். அவருக்கு அனுப்பிவிட்டேன். கேட்கிற மற்றவர்களுக்கும் அனுப்புகிறேன்.