பிழை வயரில், ஏச்சு பொடியனுக்கு

ஞாயிற்றுக்கிழமை திருவிழா மேடையில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் பெடல் (கிற்றார் சத்தத்தை மாற்றுகிற, காலால் மிதிக்கிற பெட்டி) இல்லாமல் லப்டொப் சொப்ட்வெயாரில் கிற்றார் வாசித்தான். இரைச்சல் வந்ததும் மூத்தவர் ஒருவர் "பெடல் வாங்க வக்கில்லாட்டி கிற்றார் தூக்கக் கூடாது" என்று மைக்கிலேயே அவனை ஏசினதையும் கேட்டிருப்பீர்கள். வீடியோவுக்குக் கீழே "லப்டொப்பில வாசிக்கிறது கிற்றாரே இல்லை" என்று எழுதுகிற ஆக்கள் வேறு.

தயவுசெய்து ஹெட்போன் போட்டு இன்னொருக்கால் கேளுங்கள். கிற்றாரின் நேர்ச் சத்தம் அதில் இல்லை. கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ரிவேர்ப் (எதிரொலி) மட்டும் கேட்கிறது. அது சொப்ட்வெயாரின் பிழை இல்லை, வயரின் பிழை.

கிற்றாரை லப்டொப்போடு இணைக்கிற பெட்டியான இன்டர்பேஸின் ஹெட்போன் ஓட்டையில் இருந்து ஸ்டீரியோ வயர் ஒன்று மிக்சரின் ஒரேயொரு பலன்ஸ்ட் இன்புட்டுக்குப் போகிறது, வீடியோவிலேயே தெரிகிறது. அந்த வயர்ப் பிளக்கின் நுனியில் இடப்பக்கச் சத்தம், வளையத்தில் வலப்பக்கச் சத்தம். பலன்ஸ்ட் இன்புட் நுனியில் இருந்து வளையத்தைக் கழித்து, மிஞ்சுவதைத்தான் எடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஓடுகிற கிற்றார் கழிபட்டுப் போகும். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசப்படுகிற ரிவேர்ப் மட்டும் தப்பும். சத்தம் காணாது என்று கெயினை, அதாவது உள்ளே வருகிற சத்தத்தைப் பெருக்குகிற குமிழை, திருகினார்கள். லப்டொப் சார்ஜரும் செருகிக் கிடந்தது. அதன் இரைச்சலும் சேர்ந்து ஏறினது. அந்த இரைச்சலுக்குத்தான் பொடியன் ஏச்சு வாங்கினான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சொப்ட்வெயாரின் அவுட்புட்டை மோனோவாக்கி, இன்டர்பேஸின் பின்பக்கம் உள்ள இடது அவுட்புட்டில் இருந்து மோனோ வயர் ஒன்றை டிஐ பொக்ஸுக்கு (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்ற பலன்ஸ்ட் சிக்னலாக்குகிற சின்னப் பெட்டி) கொடுங்கள். டிஐ பொக்ஸில் இருந்து எக்ஸ்எல்ஆர் வயர் (மைக்குக்குப் போடுகிற மூன்று ஊசி வயர்) மிக்சருக்கு. பிறகு டிஐ பொக்ஸில் உள்ள, சிக்னல் வயரின் கிரவுண்டைத் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அப்பவும் இரைந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மிக்சருக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விசயம் இது, பள்ளிக்கூடப் பொடியனுக்கு இல்லை.

"பெடலின் உயிர் சொப்ட்வெயாரில் வராது" என்று சொல்வீர்கள். எந்தப் பெடல்? 1970களின் கடைசியில் வந்த ரியூப் ஸ்கிறீமர் என்ற, சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடலை எடுங்கள். ஒரு ஒப்-அம்ப் (சிக்னலைப் பெருக்குகிற சிப்), அதன் பின்னூட்டப் பாதையில் இரண்டு சிலிக்கன் டயோட். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபரட் கப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் கெயினைக் குறைக்கும். அதனால்தான் பாஸ் குழம்பாமல் நடுச்சத்தம் முன்னுக்கு நிற்கிறது. இவ்வளவும் கணக்கு. கணினிக்குக் கணக்குத் தெரியும். உயர்ந்த சுரங்களில் சுருதி சேராத கரகரப்பு வந்தால் ஓவர்சாம்பிளிங்கை (சொப்ட்வெயார் உள்ளே கணக்கிடுகிற சாம்பிள் வேகம்) 4 மடங்குக்கு ஏற்றுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஜேர்மேனியம் ட்ரான்சிஸ்டர் போட்ட பழைய ஃபஸ் ஃபேஸ் பெடல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதன் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வருகிற சிக்னலுக்குக் காட்டுகிற மின்தடை) மிகக் குறைவு. கிற்றாரின் பிக்கப்பும் வோல்யூம் குமிழும் அந்தச் சேர்க்கிற்றின் பகுதியாகவே மாறிவிடும். குமிழைக் கொஞ்சம் குறைத்ததும் சத்தம் தெளிகிற அழகு அங்கிருந்துதான் வருகிறது. 1 மெகா ஓம் இன்புட் உள்ள இன்டர்பேஸில் அது அப்படியே வராது. ஆனால் ஜேர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் 10 பாகை செல்சியஸ் சூடேற ஏறத்தாழ இரட்டிப்பாகும். எங்கள் சித்திரை வெக்கையில் மத்தியானம் சரிபார்த்து வைத்த பெடல் இரவு மேடையில் வேறு மாதிரிக் கத்தும். அதற்கு மட்டும் ஒருத்தரும் மைக்கில் ஏசுவதில்லை.

"தாமதம் வரும்" என்பார்கள். 48 கிலோ ஹேர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (லப்டொப் ஒரு தடவையில் சேர்த்து எடுக்கிற சத்தத் துண்டு) என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லி செக்கன். உள்ளே போய் வெளியே வர, கன்வேர்ட்டர் நேரத்தையும் சேர்த்தாலும், சரியான ஆசியோ ட்ரைவர் (லப்டொப்பையும் இன்டர்பேஸையும் தாமதம் குறைய இணைக்கிற சொப்ட்வெயார்) இருந்தால் 10 மில்லி செக்கனுக்குள் அடக்கலாம். அம்ப்ளிஃபயருக்கு 3 மீற்றர் தள்ளி நிற்கிற கிற்றார்காரருக்கும் சத்தம் 9 மில்லி செக்கன் பிந்தித்தான் வருகிறது. அவர் வாசிக்கவில்லையா? லப்டொப் நடுவில் இறுகி நின்றால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: வைஃபையையும் அப்டேட்டையும் நிறுத்திவிட்டு வாசிக்கட்டும். பெடல் வயரும்தான் நடுவில் அறுகிறது.

சரி, காசுக் கதைக்கு வருவோம். உண்மையில் நோகிறது அதுதான். 2022 தொடக்கத்தில் 200 இலங்கை ரூபாய்க்குக் கிட்ட நின்ற டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. வெளிநாட்டில் இருந்து வருகிற பெடல் என்ன விலைக்கு ஏறியிருக்கும் என்று ஏசினவருக்குத் தெரியாதா? பெடலையும் அம்ப்ளிஃபயரையும் போலச் சத்தம் தருகிற சொப்ட்வெயார்களில் நியூரல் அம்ப் மொடலர் இலவசம். கிற்றாரிக்ஸ் இலவசம். வீட்டில் படிப்புக்கு வாங்கின லப்டொப்பிலேயே ஒரு பொடியன் கபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் பதிந்த ஃபைல்) தேடிப் பிடித்து, பஃபரைக் குறைத்து, தானாகப் பழகி மேடைக்கு வந்திருக்கிறான். அந்த உழைப்பு உங்கள் கண்ணில் படவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மாமா பெடல் அனுப்பினால்தான் இந்த ஊரில் ஒருத்தன் கிற்றார் வாசிக்கலாமா? தாய் தகப்பன் முன்வரிசையில் இருக்க ஒரு பிள்ளையை இப்படியா நிறுத்துவது?

"மூத்தவர், ஏசினால் என்ன" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். மூத்தவர் என்றால் முதலில் வயரைப் பார்த்திருக்க வேண்டும்.

தம்பி, இதை வாசித்தால் இன்பொக்ஸுக்கு வா. என்னிடம் டிஐ பொக்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது, எக்ஸ்எல்ஆர் வயரும் இருக்கிறது. அடுத்த மேடைக்கு முதல் எடுத்துக்கொண்டு போ. சவுண்ட் செக்கில் நீ வாசிக்கிற ஆகப் பெரிய சத்தம் இன்டர்பேஸ் மீற்றரில் -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள். ஹெட்போன் ஓட்டையை ஹெட்போனுக்கு மட்டும் விடு.